அங்கேதான் இருக்க வேண்டும்

மூன்றாவது முறையாகத் தேர்வில் தோற்றுவிட்டு வந்த அன்று, கஸ்பார் மிராந்தாவை அவன் வீட்டுக் கதவே உள்ளே விடவில்லை.

“யூ ஷுட் ஓப்பன்” என்றான் கஸ்பார்.

“தங்கள் ஆலோசனை குறித்துக்கொள்ளப்பட்டது” என்றது கதவு. “மாலை ஐந்து மணி வரை இந்தக் கதவு மூடியிருக்க வேண்டும் என்பது ஜெனோவா மிராந்தாவின் ஆணை.”

“யூ மஸ்ட் ஓப்பன்!”

“அந்த வினைக்குத் தங்களுக்கு உரிமம் இல்லை. இதையும் ஆலோசனையாகவே குறித்துக்கொண்டேன்.”

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தமாதிரி இருந்தது. ஐந்து மணிவரை அவன் படியில் உட்கார்ந்திருந்தான். ஜெனோவா ஓடிவந்தாள். “ஐயோ, உப்புக்காத்து உள்ள வருதுன்னு காலையில மூடச் சொன்னேன். நீங்க சீக்கிரம் வருவியன்னு தோணவே இல்ல.” கதவைப் பார்த்து, “ஹி மே என்டர் எனி டைம்” என்றாள். கதவு உடனே திறந்தது. மனைவி கொடுத்த அனுமதியோடு தன் வீட்டுக்குள் போனான் கஸ்பார். தேர்வு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கேட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தூத்துக்குடிக்குக் கிழக்கே, கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிக் கடலில் மிதந்துகொண்டிருந்தது மிதவூர். நானூறு குடும்பங்கள் இருந்தன. சுற்றிலும் முப்பது காற்றுத்தூண்கள் மின்சாரம் எடுத்தன. அந்த மின்சாரத்தில் கடல்நீர் குடிநீராகிக் குழாய் வழியே கரைக்குப் போனது. கதவு, படகு, மின்தூக்கி, தூண்களின் தூக்குக்கை எல்லாமே ஏவலிகள். ஆள் தொட்டு இயக்குவது என்பதே கிடையாது, சொல்லித்தான் இயக்க வேண்டும். சுவர்தோறும் கம்பந்தோறும் செவிமணி என்ற சின்னக் கருவி பொருத்தியிருந்தது. சொன்னதை அது கேட்டு, உரிய ஏவலிக்கு அனுப்பும்.

ஏவலிகளைச் செய்த நாற்பது நாட்டுக்காரர்கள் ஒன்றாகக் கூடி, ஏவலிகள் தமிழில் பேசினாலும் ஆணைகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அதிலும் ஐந்தே வினைகள். ‘மே’ சொன்னால் ஏவலிக்கு அனுமதி மட்டும், செய்வதும் செய்யாததும் அதன் வசதி. ‘கேன்’ அதனால் முடியுமா என்று சோதிப்பதற்கு. ‘ஷுட்’ ஆலோசனை. ‘நீட் நாட்’ கட்டிப்போட்டதை அவிழ்த்துவிடுவதற்கு. கடைசியாக ‘மஸ்ட்’. அதைக் கேட்டால் ஏவலி தன்னுடைய எச்சரிக்கைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்து முடிக்கும். புயல் நேரத்தில் உயிர்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த சொல் அது. அதனால் உரிமம் பெற்றவர் சொன்னால்தான் செல்லும். ஒருவர் சொன்ன மஸ்ட்டை இன்னொருவர் மாற்ற முடியாது. சொன்ன வாயேதான் மாற்ற வேண்டும்.

கஸ்பார் மூன்று முறையும் ஒரே கேள்வியில்தான் விழுந்தான். மஸ்ட் நாட்டுக்கும் நீட் நாட்டுக்கும் என்ன வேறுபாடு? ‘நீ வர வேண்டாம்’ என்று சொல்லிப் பழகியவன் அவன். வரக்கூடாது என்பதற்கும் அதே வேண்டாம், வராவிட்டாலும் பரவாயில்லை என்பதற்கும் அதே வேண்டாம். ஆங்கிலத்தில் ஒன்று பூட்டு, மற்றது திறப்பு. தேர்வு அறையில் அவனுக்கு இரண்டும் கலங்கிப்போகும்.

ஜெனோவா முதல் முறையிலேயே தேறிவிட்டாள்.

அவள் குழாய்ப் பரிசோதகர். தினமும் காலையில் பராமரிப்புப் படகில் ஐம்பது நிமிடம் போய், மாலையில் ஐம்பது நிமிடம் வருவாள். அதே படகில்தான் ஒன்பதாம் தூணின் மெக்கானிக் ஆல்பன் மச்சாடோ வருவான். மஸ்ட் உரிமம் பெற்று ஆறு வருடம் ஆனவன், மனைவியை இழந்தவன். படகில் அவன் கேள்வி கேட்பான், இவள் பதில் சொல்வாள். அப்படித்தான் படித்தாள். அந்த ஆறு மாதமும் சாப்பாட்டு நேரத்தில் ஆல்பன் பேச்சுத்தான். “ஆல்பன் இன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாவ பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுட்டு.” கஸ்பார் மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருப்பான்.

தேறிய பிறகு அவள் ஆல்பனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். எதைக் கேட்டாலும் ஒரு கணம் யோசித்து, ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. முன்பு பேசியதும் கஸ்பாருக்குச் சாட்சி, இப்போது பேசாததும் சாட்சி. பேசுகிற அளவுக்கு இருந்தது இப்போது பேச முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டான். உண்மையில் அவனை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அவளுக்குக் கிடைத்த சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை. கடலோடும் குடும்பத்தில் பிறந்த ஆம்பிளை, நீரேற்று மேடையின் மேற்பார்வையாளன், மனைவியின் ஒரு சொல்லைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றால் வெளியே சொல்ல முடியுமா? ஆல்பன்மேல் பொறாமை என்றால் அதில் ஒரு கௌரவமாவது இருந்தது. அதையே பிடித்துக்கொண்டான்.

“நான் சொல்லித் தரட்டுமா?” என்று ஒருநாள் கேட்டாள். “ரெண்டே நாள்ல பிடிபட்டுரும்.”

“ஒனக்குச் சொல்லித் தந்தவன் பாடத்தையே நானும் படிக்கணுமாக்கும்.”

அவள் அவனைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்து, சுவரில் இருந்த செவிமணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்தப் பார்வையையும் அவன் சாட்சியில் சேர்த்துக்கொண்டான்.

நான்காவது முறை கஸ்பார் தேறினான்.

அன்று ஜெனோவா சீலா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மையானது. பொறாமை பிடித்த கண்ணுக்கே அது தெரிந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. இனிமே வாயில வாரதெல்லாம் வேலையாயிரும். மொத மாசம் நான் ராத்திரி பகலா வாயப் பொத்திக்கிட்டே திரிஞ்சேன். பக்கத்து வீட்டுக்காரி புள்ளை தூங்கலன்னு சொன்னா, ‘அது பசி அழுகையாத்தான் இருக்கணும்’னு இங்கிலீஷ்ல சொல்ல வந்து நாக்கக் கடிச்சிக்கிட்டேன். கெஸ் பண்றதுக்கும் அதே மஸ்ட்தான? கையேட்டுல நாப்பதாம் பக்கம் போட்டிருக்கு, படிச்சியளா?”

“எல்லாம் படிச்சாச்சு” என்றான். நாற்பதாம் பக்கம் அவன் படித்திருக்கவில்லை. பூட்டையும் திறப்பையும் மனப்பாடம் செய்யவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

அடுத்த மூன்று வாரம் கஸ்பார் ராஜாவாகத் திரிந்தான். மின்தூக்கி அவனுக்காக மற்ற தளங்களைத் தாண்டி வந்தது. தேநீர்ப் பொறி வரிசையில் அவனுக்கு முதலில் ஊற்றியது. மஸ்ட் சொன்னதும் அருகில் இருக்கும் செவிமணியில் பச்சை விளக்கு ஒன்று எரியும். அந்தப் பச்சையைப் பார்க்க அவனுக்கு அலுக்கவே இல்லை. பேச்சில் அங்கங்கே ஆங்கிலத்தைத் தெளிப்பது மிதவூர்ப் பழக்கம்தான். அவன் வேண்டுமென்றே மஸ்ட் வருகிற வாக்கியங்களாகத் தேடிப் பேசினான்.

ஆனி மாதம். கச்சான் என்கிற மேற்குக் காற்று தொடங்கியிருந்தது. காற்று ஏறுவதற்கு முன்னால் அன்று மூன்று மணிக்கே வர வேண்டிய ஜெனோவாவின் படகு மூன்றரை ஆகியும் வரவில்லை. கஸ்பார் கேண்டீனில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட வேலை பார்க்கும் தொம்மை தேநீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“என்ன மக்கா, மதினி வரலியா இன்னும்?”

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் கஸ்பாரின் காதில் அது வேறுமாதிரி விழுந்தது. ஊரே தெரிந்துவைத்துக்கொண்டு தன்னிடம் கேட்பதுபோல. அவன் கசப்பாகச் சிரித்தான்.

“எங்க போவா? ஷீ மஸ்ட் பி வித் ஆல்பன்.”

சுவரில் பச்சை எரிந்தது. செவிமணி மெல்லிய குரலில் கேட்டது: “ஆணையா? ஊகமா?”

கையேட்டின் நாற்பதாம் பக்கம் சொல்வது இதைத்தான். இரண்டு பொருள் வருகிற வாக்கியம் என்றால் செவிமணி ஒரே ஒரு முறை கேட்கும். ‘ஊகம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு விட்டுவிடும்.

தொம்மை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊகம் என்று சொன்னால், இத்தனை மாதமாகத் தான் சேர்த்துவைத்த சாட்சி அத்தனையும் வெறும் ஊகம் என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடாதா?

“ஊகமா? ஊகமே இல்ல” என்றான் கஸ்பார். “எனக்கு நல்லாத் தெரியும்.”

பச்சை விளக்கு ஒருமுறை மின்னி, நிலையாக எரியத் தொடங்கியது.

அந்த நேரத்தில் ஜெனோவா வீட்டுக்குத் திரும்பும் படகில் இருந்தாள். பதினாலாம் குழாயில் ஒரு கசிவு, அதனால் தாமதம். படகில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆல்பன் தன் தூணில் இரண்டு நாள் வேலைக்காகத் தங்கியிருந்தான். மிதவூர் தெரிகிற தூரத்துக்கு வந்த படகு சட்டென்று ஒரு வளைவு எடுத்துக் கடலைப் பார்த்துத் திரும்பியது.

கஸ்பாரின் காதுபேசி அழைத்தது.

“நாந்தான்” என்றாள். காற்று இரைச்சலில் குரல் அறுந்து அறுந்து வந்தது. “படகு தானாத் திரும்பி ஒம்பதாம் தூணுக்குப் போவுது. நான் மஸ்ட் போட்டும் கேக்க மாட்டேங்கு. எனக்கு முந்தியே யாரோ போட்டிருக்காவ. கட்டுப்பாட்டு அறையில போய் யாருன்னு கேளுங்க. அலை ரொம்ப ஏறுது, எனக்குப் பயமா இருக்கு.”

“பாக்கேன்” என்றான் கஸ்பார். எழுந்து ஓடினான்.

கட்டுப்பாட்டு அறையில் பெர்பெத்துவா இருந்தாள். அறுபதை நெருங்கியவள். மஸ்ட் உரிமத்தைப் பதினோரு வருடம் வைத்திருந்தும் மூன்றே முறை சொன்னவள். பதிவுப் பலகையை அவனுக்குத் திருப்பிக் காட்டினாள். நேரம், இடம், வாக்கியம், பேசியவர் பெயர், செவிமணியின் கேள்வி, அதற்கு அவன் பதில்.

“நான் ஆர்டர் போடலக்கா. அவ அங்கதான் இருக்கணும்னு சும்மா சொன்னேன்.”

“‘இருக்கணும்’னா என்ன தம்பி? நம்ம தமிழ்லயும் ரெண்டுக்கும் அதே ‘ணும்’தான? அதுக்காவத்தான அது ஒங்கிட்டத் திரும்பக் கேட்டுச்சு. ஊகம் இல்லன்னுட்ட. அப்ப மிச்சம் என்ன இருக்கு, ஆணைதான?”

திரையில் ஒன்பதாம் தூண் தெரிந்தது. படகு தூணை நெருங்கவும் தூக்குக்கை கூடையை இறக்கி ஜெனோவாவை மேலே எடுத்தது. பணியறைக் கதவு திறந்தது. ஆல்பன் ஒரு கையில் ஸ்பேனரோடு திகைத்து நின்றான். அவள் உள்ளே வந்ததும் கதவு பூட்டிக்கொண்டது. ஆணையில் ‘போக வேண்டும்’ என்று இல்லை, ‘இருக்க வேண்டும்’ என்று இருந்தது. அதற்கு முடிவு கிடையாது. சொன்னவன் மாற்றும்வரை அவர்கள் இருவரும் அந்த அறையில் சேர்ந்து இருக்க வேண்டும்.

பெர்பெத்துவா ஒலிவாங்கியை அவன் பக்கம் நகர்த்தினாள். ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி எண்ணிச் சொன்னாள்.

“நல்லாக் கேட்டுக்கோ. நீட் நாட் சொல்லு. ‘ஷீ நீட் நாட் பி வித் ஹிம்.’ கதவு திறந்துரும். அவ இஷ்டம், அவன் இஷ்டம். காத்து அடங்குற வரைக்கும் அங்கயே இருந்துட்டு வருவாவ. மஸ்ட் நாட் மட்டும் சொல்லிராத. சொன்னா ரெண்டு பேரையும் பிரிச்சே ஆவணும்னு நிக்கும். ரெண்டு ஆள் உயரத்துக்கு அலை. அது அலையப் பாக்காது.”

“காத்து எப்ப அடங்கும்?”

“நாளக் காலையில.”

அவன் திரையைப் பார்த்தான். ஆல்பன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஜெனோவாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் நனைந்திருந்தாள். வாங்கிப் போர்த்திக்கொண்டாள். அவன் ஏதோ சொன்னான். அந்த நிலையிலும் அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்துபோனது. வீட்டில் ஒரு வருடமாக கஸ்பார் பார்க்காத சிரிப்பு.

அவள் இஷ்டம். காலைவரை. அதற்குத் தன் வாயாலேயே அனுமதி கொடுக்க வேண்டும்.

கஸ்பார் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“ஷீ மஸ்ட் நாட் பி வித் ஹிம்.”

“அடப்பாவி!” என்று கத்தினாள் பெர்பெத்துவா.

அறையில் இருப்பவர்களில் யாரை வெளியேற்றுவது எளிது என்று தூண் கணக்குப் பார்த்தது. ஜெனோவாவிடம் கடலுடை இல்லை. ஆல்பன் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டியிருந்தான், தூக்குக்கைக்குப் பிடிக்க வாட்டமாக. கதவு திறந்தது. எஃகுக் கை அவன் பட்டையைப் பின்னாலிருந்து பற்றி வெளியே எடுத்து, கீழே ஏறியிறங்கிக்கொண்டிருந்த படகை நோக்கி இறக்கியது. ஜெனோவா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பிடி நழுவியது. அலை ஒன்று படகைத் தூக்கித் தூணின்மேல் அடித்தது. நடுவில் ஆல்பனின் கால் இருந்தது.

அந்த அலறல் ஒலிபெருக்கியில் வந்து அறை முழுக்க நிறைந்தது.

“நீட் நாட்! நீட் நாட்! ஷீ நீட் நாட்!” கஸ்பார் தொண்டை கிழியக் கத்தினான். தூக்குக்கை நின்றது. பிறகு, எதுவும் நடக்காததுபோல, ஆல்பனைத் திரும்ப மேலே எடுத்துக் கிடத்தியது. ஜெனோவா துப்பட்டாவைக் கிழித்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினாள். பெர்பெத்துவா கஸ்பாரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்து, தன் வாழ்வின் நான்காவது மஸ்ட்டைச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் மீட்புப் படகு தூணை அடைந்தது. அந்த அலையில் படகு தாங்கியது அதிர்ஷ்டம்.

ஆல்பன் பிழைத்துக்கொண்டான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு உலோகத் தண்டு வைத்தார்கள்.

விசாரணைக்குக் கரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கஸ்பாரின் தேர்வுத்தாள்களை மேசையில் பரப்பினார்கள். மூன்று முறையும் அதே கேள்வி, அதே தவறு. மஸ்ட் நாட் எழுத வேண்டிய இடத்தில் நீட் நாட், நீட் நாட் எழுத வேண்டிய இடத்தில் மஸ்ட் நாட்.

“பதற்றத்தில் உங்களுக்கு மறுபடி மாறிவிட்டது. அப்படித்தானே?” என்று தலைவர் கனிவாகக் கேட்டார்.

பெர்பெத்துவா தன் சாட்சியத்தில், தான் தெளிவாக எச்சரித்ததைச் சொல்லியிருந்தாள். எச்சரித்தும் பழைய குழப்பம் வந்திருக்கிறது, மனித இயல்பு என்று எழுதிக்கொண்டார்கள்.

“ஆமா சார்” என்றான் கஸ்பார். “மாறிட்டுது.”

குற்றம் அவன்மேல் இல்லை, அந்தச் சொல்லின்மேல் என்று தீர்ப்பானது. ஒரே வினை கடமைக்கும் ஊகத்துக்கும் வருவதால்தான் இவ்வளவும். உரிமத்தைக்கூட அவனிடமிருந்து பறிக்கவில்லை.

வீட்டில் ஜெனோவா காத்திருந்தாள். அவள் காலையிலேயே தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு செவிமணியைப் பார்க்காமல் பேசினாள்.

“ஒண்ணு கேக்கேன். அவங்க கேட்ட மாதிரி இல்ல, நான் கேக்கேன். மாறிப் போச்சா, தெரிஞ்சு சொன்னியளா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தேர்வில் குழம்பியவன்தான். ஆனால் அந்த ஒரு கணத்தில், அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாடு அவனுக்குத் துல்லியமாகப் புரிந்திருந்தது.

“தெரிஞ்சுதான்.”

“ம்.” அவள் அழவில்லை. “ஆல்பன எனக்குப் பிடிக்கும். பேசுனா சிரிப்பு வரும். அவ்வளவுதான் இருந்துச்சு. அதுக்கு மேல இருந்ததெல்லாம் நீங்களா வச்சது. ஒரே ஒரு தடவ எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

மறுநாள் கரைப்படகில் அவள் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அங்கே நீரேற்று நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆல்பனைப் பார்த்துவருகிறாள் என்றும் கேள்விப்பட்டான். முதலில் வாரத்துக்கு ஒருநாள். பிறகு அடிக்கடி. கணவனின் வாயால் போன கால் அல்லவா, அவளால் போகாமல் இருக்க முடியவில்லை. அவன் ஊகித்தபோது இல்லாத ஒன்று, அவன் ஊகித்ததாலேயே துளிர்விடுகிறதோ என்று கஸ்பார் நினைத்தான். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் பழைய எரிச்சல் புதிதாக எரிந்தது.

விசாரணைக் குழு அதோடு நிற்கவில்லை. ஏவலிகள் காதுபடும் இடத்தில் யாரும் மஸ்ட், மே இரண்டையும் ஊகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று விதி வந்தது. அடுத்த ஆண்டு ஏவலிகள் தமிழிலும் ஆணை ஏற்கக் கற்றுக்கொண்டன. ஊரே பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. இனி ‘வேண்டும்’ என்றால் கடமை மட்டும், ‘லாம்’ என்றால் அனுமதி மட்டும் என்று வாரியம் அறிவித்தது. முதல் வாரமே, காய்கறி விற்கும் அம்மாள் ஒருத்தி வானத்தைப் பார்த்து “மழை வரலாம்” என்றதற்கு, மேல்தளத்து மழைத்தொட்டிகள் அத்தனையும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டன. உப்புச்சாரல் விழுந்து நாலு நாள் குடிநீர் பாழ். ‘ஒருவேளை’, ‘போல’ என்று கேட்டால் ஏவலிகள் நடுவழியில் நின்று ஆணையா ஊகமா என்று கேட்டன. கேட்டுக்கேட்டு வேலை கெட்டதால் அந்தச் சொற்களும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. செவிமணி இல்லாத இடம் மிதவூரில் கிடையாது. மருத்துவர் ‘காய்ச்சலாக இருக்கலாம்’ என்பதை விட்டுவிட்டார். காய்ச்சல் என்பார், அல்லது காய்ச்சல் இல்லை என்பார். கடலுக்குப் போனவன் வரத் தாமதமானால் வீட்டில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். மிதவூர்க்காரர்கள் எதையும் உறுதியாகப் பேசுகிறவர்கள் என்று கரையில் ஒரு நல்ல பெயர்கூட வந்தது.

தன் சாமான்களை எடுத்துப்போக ஜெனோவா ஒரு மதியம் வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு தையல் பொறி. கஸ்பாரே தூக்கிவந்து படகில் வைத்தான். அவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள். காற்றில் முடி முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

“ஆல்பன் எப்படி இருக்கான்?” என்று கேட்டான்.

“நடக்காவ. துறைமுகப் பட்டறையில வேலை.”

“நீ…” என்று ஆரம்பித்தான். நீ அவனோடு இருக்கிறாயா என்று கேட்க வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று முந்திக்கொண்டது. “நீ திரும்பி வருவியா?”

ஜெனோவா வாயைத் திறந்தாள். ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. படகுத்துறைக் கம்பத்தில் இருந்த செவிமணியைப் பார்த்தாள். அந்தச் சொல்லை இங்கே சொன்னால் இந்தத் துறையில் ஏதோ ஒரு கதவு திறக்கும், ஏதோ ஒரு படகுக்கு வழி கிடைக்கும். அவள் சொல்ல நினைத்தது அது அல்ல.

“வருவேன்னு சொன்னா பொய்” என்றாள். “வரமாட்டேன்னு சொன்னாலும் பொய்தான். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு பதில் இருக்கு. அத எப்படிச் சொல்லுறதுன்னுதான் தெரியல.”

“கண்ணால சொல்லேன்” என்றான் அவன்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவள் பார்வையை எல்லாம் சாட்சியாக மட்டுமே சேர்த்துவைத்தவன் அவன்.

படகுக்கு ஆணை கொடுத்துவிட்டு அவள் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். படகு துறையை விட்டு விலகியது. அது சிறு புள்ளியாகும்வரை கஸ்பார் அங்கேயே நின்றான். வருவாள் என்று ஓர் அலைக்கு நினைத்தான். வரமாட்டாள், ஆல்பனோடுதான் இருப்பாள் என்று அடுத்த அலைக்கு. இரண்டுமே அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தன.